அயலார் பிள்ளையும் நம் இல்லமும்

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில் திருவள்ளூரைக் கடந்து சிறிது தொலைவு சென்றால் கடம்பத்தூர் வருகிறது. 1856-ஆம் ஆண்டில் இராயபுரத்தினின்று புறப்பட்ட தென்னாட்டின் முதல் புகைவண்டி இவ்வழியாகவே மேற்கு நோக்கிச் சென்றது. இன்று ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடமாக விளங்கும் அவ்வூரைச் சுற்றி, வயல்களுக்கிடையே மனைப்பிரிவுகளும் தொழிற்கூடங்களும் பெருகியுள்ளன. அவ்வட்டாரத்திலுள்ள ஒரு சிறு சபையின் வாலிபர் கூட்டத்திற்கு நாம் சென்றிருந்தபொழுது, உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ஓராண்டு வேறொரு நாட்டில், வேறொரு குடும்பத்தில் தங்கிப் படிக்கும் பரிமாற்றத் திட்டங்களைப் பற்றிச் சில மாணவர் வினவினர். நாம் அறிந்தவரையில் விளக்கினோம். அனைவரும் ஆர்வத்தோடு கேட்டனர். கடைசிப் பாயில் அமர்ந்திருந்த முதிய தாயார் ஒருவர் மட்டும், "ஐயா, நம்ம புள்ளைங்கள அவங்க வூட்ல வச்சிப்பாங்க, சரி. அவங்க புள்ள இங்க வந்தா எந்தத் தெருவுல வுடுவீங்க?" என்று கேட்டார். கூட்டத்தில் சிலர் சிரித்தனர். நமக்கு அன்று விடை சொல்லத் தெரியவில்லை.

அக்கேள்வியோடு இவ்வியக்கத்தின் வரலாற்றை மீண்டும் படிக்கத் தொடங்கியபோது, அது திருச்சபை வரலாற்றோடு எவ்வளவு நெருங்கிப் பின்னியிருக்கிறது என்பதைக் கண்டோம். நம் வாசகர்களாகிய ஆயர்களும் இறையியல் மாணவர்களும் இதனை வசதியுள்ளோரின் வெளிநாட்டுப் பயணம் என்று எண்ணி ஒதுக்கிவிடக் கூடும். நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம்.

இத்திட்டத்தின் அமைப்பு எளியது. பதினைந்து முதல் பதினெட்டு வயது வரையுள்ள ஒரு பிள்ளை, அயல்நாட்டில் முன்பின் அறியாத ஒரு குடும்பத்தில் ஏறத்தாழ ஒரு கல்வியாண்டு வாழ்கிறது; அவ்வூர்ப் பள்ளியிலேயே படிக்கிறது. விருந்தினர் என்று தனி அறையில் உபசரிக்கப்படுவது அன்று, அவ்வீட்டுப் பிள்ளைகளைப் போலப் பாத்திரம் கழுவுவதும், கண்டிக்கப்படுவதும், சமையலைக் குறைகூறக் கற்றுக்கொள்வதும் இத்திட்டத்தின் உட்பொருள். அமெரிக்க அரசின் விதிகளின்படி இவ்வாறு பள்ளி மாணவரை ஏற்கும் குடும்பத்திற்கு ஊதியம் கிடையாது. 'பரிமாற்றம்' என்னும் சொல் சந்தையை நினைவூட்டுவது. ஆயினும் அதன் நடுவிலிருப்பது விலை பேசப்படாத ஒரு தட்டுச் சோறு.

1914-இல் முதல் உலகப்போர் மூண்டபொழுது, பாரிஸ் நகருக்கு அருகே நெய்யி என்னுமிடத்திலிருந்த அமெரிக்க மருத்துவமனையில், காயமுற்றோரை ஏற்றிவரும் வண்டிகளை ஓட்ட அமெரிக்க இளைஞர் சிலர் தன்னார்வத்தோடு முன்வந்தனர். 1915-இல் பியாட் ஆண்ட்ரூ என்பவர் இவர்களை ஒரு படையாக ஒழுங்குபடுத்தினார். அமெரிக்கக் களச்சேவை, சுருக்கமாக ஏ.எஃப்.எஸ்., என்று பெயர் பெற்ற இவ்வமைப்பு இரண்டாம் உலகப்போரிலும் பணியாற்றியது. வட ஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும் மட்டுமன்றி, இந்திய–பர்மிய எல்லையிலும் அதன் ஓட்டுநர்கள் காயமுற்றோரைச் சுமந்தனர். பெர்கன்–பெல்சன் வதைமுகாமில் குற்றுயிராய்க் கிடந்தோரை ஏற்றிச் சென்றவர்களிலும் அவர்கள் இருந்தனர். போர் முடிந்தபின் ஸ்டீபன் கலாட்டியும் அவருடைய தோழர்களும் 1946-இல் நியூயார்க்கில் கூடி, இனி வண்டிகளால் ஆவது என்ன என்று ஆராய்ந்தனர். அடுத்த போர் வராமல் தடுக்க வேண்டுமானால் பள்ளிப் பருவத்தினரிடமிருந்தே தொடங்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தனர். 1947-இல் பத்து நாடுகளிலிருந்து 52 மாணவர்கள் அமெரிக்காவுக்கு வந்தனர்.

பிணங்களையும் பிணியாளரையும் சுமந்தவர்கள் பிள்ளைகளிடம் வந்து சேர்ந்தது தற்செயல் அன்று. ஆனால் மற்றொரு வினா எஞ்சுகிறது: பிள்ளைகள் ஏன் முகாமில் கூடாமல் வீடுகளில் தங்க வேண்டும்? இதற்கான விடையை ஏற்கெனவே டொனால்டு வாட் என்னும் அமெரிக்கர் தம் தோல்வியினின்று கற்றிருந்தார். 1932-இல் அவர் பல நாட்டு இளைஞரைச் சுவிட்சர்லாந்தில் ஒரு முகாமில் ஒன்றுகூட்டினார். கூடினார்கள், ஆயினும் அவரவர் தம் நாட்டாரோடே பேசிக்கொண்டனர். பின்னர் அவர் முகாமைக் கைவிட்டு, ஒவ்வொருவரையும் ஒரு குடும்பத்தின் நடுவே விட்டார். 'சர்வதேச வாழ்வில் ஒரு சோதனை' என்று அவர் பெயரிட்ட அம்முயற்சியே இன்று வீட்டுத் தங்கல் எனப்படும் முறையின் முன்னோடிகளுள் ஒன்று. வாலிபர் முகாம்களை ஆண்டுதோறும் நடத்தும் நம் திருமண்டலங்கள் இதனைச் சற்றுச் சிந்திக்கலாம். முகாமில் தென்மாவட்டத்தார் ஒரு மூலையிலும் வடமாவட்டத்தார் மறு மூலையிலும் படுத்துறங்குவதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம்.

திருச்சபையின் பங்கு இங்கேதான் தெளிவாகிறது. பிரெதரன் சபை எனப்படும் சகோதர சபையார் 1708-இல் ஜெர்மனியின் ஷ்வார்ட்செனாவில் அலெக்ஸாண்டர் மாக் என்பவரின் தலைமையில் திருமுழுக்குப் பெற்று எழும்பியவர்கள். படைக்கலம் ஏந்த மறுத்தவர்கள். பின்னர் அமெரிக்காவில் குடியேறியவர்கள். ஆண்டைக் கவனிக்க வேண்டும். சீகன்பால்கு தரங்கம்பாடியில் கரையேறிய 1706-க்கு இரண்டே ஆண்டுகள் பிந்தியது அது. ஹாலேயையும் ஷ்வார்ட்செனாவையும் ஈன்றது ஒரே பக்திநெறி விழிப்புணர்வுதான். ஒரு கிளை தமிழகத்துக்கு வந்தது. மற்றொரு கிளை போரை மறுத்து அலைந்தது. இரண்டாம் உலகப்போரின் அழிவைக் கண்ட இச்சபையார் முதலில் ஐரோப்பாவுக்குக் கப்பல்களில் கிடாரிக் கன்றுகளை அனுப்பினர். பால் வற்றிய நாட்டுக்கு மாவுப்பொடியைவிடப் பசு மேல் என்பது அவர்களுடைய உழவர் அறிவு. பின்னர், 1949-இல், ஜெர்மானிய இளைஞரை அமெரிக்கக் குடும்பங்களில் ஓராண்டு வாழ அழைத்தனர். போர் முடிந்து நான்கே ஆண்டுகள். தம் மகனைப் போரில் இழந்த ஊர்களில், பகைநாட்டாரின் பிள்ளைக்கு மேசையில் இடம் போடப்பட்டது. 1951-இல் மிச்சிகன் மாநிலத்தில் ரேச்சல் ஆண்ட்ரெசன் அம்மையாரும் சபைகளும் சேர்ந்து 75 ஜெர்மானிய மாணவரை வரவேற்றதிலிருந்து 'புரிந்துகொள்ளுதலுக்கான இளைஞர்' என்னும் இயக்கம் பிறந்தது. சகோதர சபையாரின் முயற்சி பிற சபைகளும் இணைந்ததால் 1957-இல் 'சர்வதேசக் கிறிஸ்தவ இளைஞர் பரிமாற்றம்' ஆயிற்று. அதுவரை ஒரு திசையில் மட்டுமே நடந்த பயணம் அப்போது இரு திசையாயிற்று. ஏற்றவனும் போய்ப் பார்க்க வேண்டும் என்னும் எளிய நீதி அது. நம் மிஷனெரி வரலாற்றில் இந்நீதி எவ்வளவு தாமதமாக வந்தது என்பதை இங்கு விரிக்க வேண்டியதில்லை.

இவையனைத்தும் அன்பினால் மட்டுமே நடந்தன என்று எழுதுவது வரலாறாகாது. தோல்வியுற்ற ஜெர்மனியை மறுகல்வியால் திருத்துவது அமெரிக்க ஆட்சியாளரின் கொள்கையாய் இருந்தது; 1948-இல் இயற்றப்பட்ட ஸ்மித்–முண்ட் சட்டம் இத்தகைய பரிமாற்றங்களுக்கு அரசின் கதவைத் திறந்தது. பனிப்போரில் விருந்தோம்பலும் ஒரு படைக்கலமாயிற்று. 2001 செப்டம்பர் தாக்குதல்களுக்குப் பின் 2002-இல் தொடங்கப்பட்ட கென்னடி–லூகர் திட்டமும் அரசியலற்றதன்று. இஸ்லாமியர் மிகுதியாய் வாழும் நாடுகளின் பள்ளி மாணவரை உதவித்தொகை அளித்து அமெரிக்கக் குடும்பங்களுக்கு அழைப்பது அதன் நோக்கம். இந்திய மாணவரும் அதில் சென்றுள்ளனர். ஆயினும் அரசு எதற்காகப் பணம் கொடுத்தது என்பதும், அடுப்பங்கரையில் என்ன நடந்தது என்பதும் ஒன்றல்ல. அரசின் கோப்பு ஒரு பொருளைச் சொல்லும். அவ்வீட்டுத் தாய் வேறொன்றைச் சொல்வாள்.

இரண்டு மரணங்களை இங்குக் கூறாமல் செல்ல இயலாது. 1992 அக்டோபர் 17 அன்று, லூசியானா மாநிலத்தின் பேட்டன் ரூஜ் நகரில், ஏ.எஃப்.எஸ். மாணவனாய் வந்திருந்த பதினாறு வயது ஜப்பானியன் யோஷிஹிரோ ஹத்தோரி, தான் தங்கியிருந்த வீட்டு மகனோடு ஒரு விருந்துக்குப் புறப்பட்டான். இருவரும் வழிதவறி வேறொரு வீட்டின் மணியை அடித்தனர். அவ்வீட்டார் அஞ்சினர், வீட்டுக்காரர் துப்பாக்கியோடு வெளிப்பட்டார், அவருடைய எச்சரிக்கை அப்பிள்ளைக்கு விளங்கவில்லை. ஒரே குண்டில் அவன் இறந்தான். குற்றவியல் நீதிமன்றம் சுட்டவரை விடுவித்தது. உரிமையியல் நீதிமன்றம் பின்னர் அவரைப் பொறுப்பாளி என்று கண்டது. பெற்றோர் என்ன செய்தனர்? துப்பாக்கிக் கட்டுப்பாடு வேண்டி ஜப்பானில் பதினேழு இலட்சம் கையொப்பங்களைத் திரட்டி, 1993-இல் குடியரசுத் தலைவர் கிளிண்டனைச் சந்தித்தனர். அத்தோடு நிற்கவில்லை. அமெரிக்கப் பள்ளி மாணவர்கள் ஜப்பானுக்கு வந்து குடும்பங்களில் தங்குவதற்கென மகனின் நினைவாக ஒரு நிதியையும் ஏற்படுத்தினர். மகனைக் கொன்ற நாட்டின் பிள்ளைகளைத் தம் நாட்டு வீடுகளுக்கு அழைத்த இப்பெற்றோர் கிறிஸ்தவர் என்று நாம் எங்கும் படித்ததில்லை. மன்னிப்பைக் குறித்து அருளுரை ஆயத்தம் செய்வோர் இதனைக் கவனிக்க வேண்டும்.

மற்றவள் கராச்சியைச் சேர்ந்த சபீகா ஷேக், வயது பதினேழு. கென்னடி–லூகர் திட்டத்தில் டெக்சாஸ் மாநிலத்தின் சாண்டா ஃபே பள்ளியில் படித்தாள். அவளை ஏற்றிருந்தது ஒரு கிறிஸ்தவக் குடும்பம். 2018-ஆம் ஆண்டின் ரமலான் தொடங்கியபொழுது அக்குடும்பத்தார் அவளோடு சேர்ந்து நோன்பு பிடித்தனர். மே 18 அன்று பள்ளியில் ஒரு மாணவன் நடத்திய துப்பாக்கிச் சூட்டில் பத்துப்பேர் மாண்டனர். அவர்களுள் அவளும் ஒருத்தி. ஊர் திரும்ப இன்னும் சில வாரங்களே இருந்தன. பல்சமய உரையாடலைப் பற்றி நாம் எத்தனையோ கருத்தரங்குகளில் கட்டுரை வாசித்திருக்கிறோம். ஒரு பிள்ளை பசித்திருக்கிறாளே என்று தாமும் பசித்திருந்த அவ்வீட்டாரின் இறையியலை எந்தத் தலைப்பில் வைப்பது என்று நமக்குத் தெரியவில்லை.

வீடு எப்போதும் காக்கும் என்பதும் இல்லை. 2009-இல் பென்சில்வேனியாவின் ஸ்கிராண்டன் நகரில் பரிமாற்ற மாணவர் சிலர் தகுதியற்ற வீடுகளில் போதிய உணவுமின்றி வைக்கப்பட்டிருந்தது வெளிப்பட்டு, விதிகள் பின்னர் கடுமையாக்கப்பட்டன. இக்காலத்தில் இத்தகைய பொறுப்பை மேற்கொள்ளும் எந்தச் சபையும், குடும்பத்தாரை நேரில் ஆராயாமல் பிள்ளையை ஒப்படைத்தல் தகாது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். தமிழ்த் திருச்சபைக்குப் பிறர் பிள்ளைகளை வளர்த்த பட்டறிவு குறைவன்று. 1714-இல் சீகன்பால்கு ஐரோப்பாவுக்குச் சென்றபோது மலையப்பன் என்னும் தமிழ் இளைஞரை உடனழைத்துச் சென்றார். 1716-இல் ஹாலேயில் வெளியான சீகன்பால்குவின் தமிழ் இலக்கண நூலுக்குப் பின்னால் அவ்விளைஞரின் நாவும் இருந்தது. 1785-ஆம் ஆண்டளவில் திருநெல்வேலிச் சிறுவன் வேதநாயகத்தைத் தந்தையின் இசைவோடு தஞ்சைக்கு அழைத்துச் சென்று தம் பொறுப்பில் வளர்த்தார் ஸ்வார்ட்ஸ். பின்னாளில் அவர் வேதநாயக சாஸ்திரியார் ஆனதை நாம் அறிவோம். இவை தனி மனிதர் காட்டிய அன்பு. முறையாக வளர்ந்தது வேறொன்று: போர்டிங். பிள்ளையை வீட்டிலிருந்து எடுத்து விடுதியில் வைத்துப் படிக்கவைப்பதே நம் மிஷன்களின் வழியாயிற்று.

ஏன் வீடு அன்று, விடுதி? வீட்டில் சாதி இருந்தது, அதுதான் காரணம். சபைக்குள் சாதி வேற்றுமை நீங்க வேண்டும் என்று 1833-இல் பேராயர் டேனியல் வில்சன் சுற்றறிக்கை விடுத்தபொழுது, வேப்பேரியிலும் தஞ்சையிலும் எழுந்த எதிர்ப்பு வரலாற்றில் பதிந்துள்ளது. ஹாலே மரபில் வளர்ந்த வேதநாயக சாஸ்திரியாரே அவ்வெதிர்ப்பின் நாவாய் நின்றார் என்பதை வருத்தத்தோடு குறிப்பிட வேண்டும். 1850-இல் சென்னை மிஷனெரிமார் மாநாடு, தாழ்த்தப்பட்டோர் சமைத்த உணவை உண்பதைச் சாதியைக் கைவிட்டதற்கு அடையாளமாகக் கேட்டது. லைப்சிக் லுத்தரன் மிஷனெரிமார் அதற்கு உடன்படவில்லை. திருவிருந்தில் ஒரே கிண்ணத்தில் பருகுவது ஒரு சிக்கல் என்றால், அடுத்தவர் வீட்டுச் சோறு அதனினும் பெரிய சிக்கலாய் இருந்தது. இச்சூழலில் விடுதியே ஒரே பந்தியைச் சாத்தியமாக்கியது. கடம்பத்தூருக்கு அண்மையில் திருவள்ளூரையடுத்த இக்காட்டில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் கௌடி ஐயர் தாழ்த்தப்பட்ட மக்களிடையே பணியாற்றினார். அன்று இப்பகுதி செங்கற்பட்டு மாவட்டம். அதன் கலெக்டர் டிரெமன்ஹீர் 1891-இல் எழுதிய அறிக்கை, நிலமும் மனையும் இன்றி அம்மக்கள் பட்ட பாட்டை அரசின் முன் வைத்தது. அவர்கள் குடியிருந்த மனைகூட அவர்களுடையதாய் இல்லை. தன் மனையிலிருந்து எந்நேரமும் வெளியேற்றப்படக்கூடிய ஒருவனிடம் 'விருந்தோம்பு' என்று எப்படிச் சொல்வது? ஆகவே போர்டிங்கை நாம் இகழ மாட்டோம். பசித்த பிள்ளைக்குச் சோறும் எழுத்தும் ஒரே கூரையின்கீழ்த் தந்தது அதுவே.

ஆனால் அதன் எல்லையையும் சொல்ல வேண்டும். விடுதியில் ஒரே வரிசையில் உண்ட பிள்ளைகள், விடுமுறைக்கு மணி அடித்ததும் தத்தம் தெருவுக்குப் பிரிந்தனர். ஒருவன் மற்றவன் வீட்டைக் காணாமலே பத்தாண்டு கூடப் படித்தான். அன்றைய விடுதி மாணவர் பலர் இன்று குருமாராயும் ஆசிரியராயும் ஓய்வு பெற்றுள்ளனர். "கூடப் படித்தவர் வீட்டில் ஒரு நாளேனும் தங்கியதுண்டா?" என்று அவர்களுள் சிலரைக் கேட்டோம். நீண்ட யோசனைக்குப்பின் வந்த விடைகள் பெரும்பாலும் இல்லை என்பதே. சபை பந்தியைச் சீர்திருத்தியது; வீட்டைத் தொடவில்லை.

எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் பதின்மூன்றாம் அதிகாரத்திலும் உரோமருக்கு எழுதப்பட்டதின் பன்னிரண்டாம் அதிகாரத்திலும் விருந்தோம்பலைக் குறிக்க வரும் 'பிலோக்செனியா' என்ற கிரேக்கச் சொல், அந்நியரிடம் கொள்ளும் அன்பு என்றே பொருள்படும். நம் மொழியிலும் 'விருந்து' என்பது முதலில் உணவைக் குறித்ததன்று. புதுமையையும், புதிதாய் வந்தவரையும் குறித்தது. வள்ளுவர் விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரத்தையே ஒதுக்கி, அதனை இல்லறவியலில் வைத்தார். உறவினருக்குச் சோறிடுவதற்கு இரு மொழியிலும் இச்சொல் உரியதன்று.

இன்று சென்னையில் ஏ.எஃப்.எஸ். அமைப்பின் வழியாகவும் ரோட்டரி சங்கங்களின் வழியாகவும் பள்ளி மாணவர் போவதும் வருவதும் நிகழ்ந்துள்ளன. ரோட்டரி முறையில் ஒரே பிள்ளை ஓராண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களில் மாறித் தங்குவதும் உண்டு. உதவித்தொகை கிடைக்காதவர்க்குச் செலவு பல இலட்சம். கடம்பத்தூரின் அரசுப் பள்ளி மாணவர்க்கு இது எட்டாக் கனி. வருகின்ற அயல்நாட்டுப் பிள்ளையும் ஆங்கிலம் பேசும் வீட்டுக்கே போகிறது. 'எந்தத் தெருவில்' என்ற கேள்வி அங்கே எழுவதேயில்லை, ஏனெனில் அதற்கு விடை முன்னரே தீர்மானிக்கப்பட்டுவிட்டது.

அயலாரோ வேறு வழியாக நம் வாயிலுக்கு வந்துவிட்டனர். கும்மிடிப்பூண்டியிலும் திருவள்ளூரைச் சுற்றியும் உள்ள ஆலைகளில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த இளைஞர், பள்ளிப் பருவம் கடந்தும் கடவாமலும், தகரக் கொட்டகைகளில் உறங்குகின்றனர். கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழ் அகதிகளின் முகாம் இருக்கிறது. முகாமிலேயே பிறந்து வளர்ந்தோர் அங்கு உண்டு. 2021 டிசம்பரில், திருப்பெரும்புதூர்ப் பகுதி ஆலையொன்றின் பெண் தொழிலாளர் பலர் விடுதி உணவால் நோயுற்றதையடுத்து, அவர்களுடைய தோழியர் பெங்களூர் நெடுஞ்சாலையில் இரவெல்லாம் அமர்ந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழகத்தின் வேறு மாவட்டங்களிலிருந்து வந்த இளம் பெண்கள். நூறு ஆண்டுகளுக்கு முன் போர்டிங் நடத்திய திருச்சபைக்கு, அத்தகைய விடுதிக்குள் எட்டிப் பார்க்கவும் தோன்றவில்லை.

அச்சபைக்குச் சில மாதங்கள் கழித்து நாம் மீண்டும் சென்றோம். சபையாரில் ஒரு பகுதியினர் காலனியில் தலைமுறையாய் வாழ்வோர். மறு பகுதியினர் ஆலை வேலைக்காகத் தென்மாவட்டங்களிலிருந்து வந்து புதிய நகர்களில் வீடு கட்டியவர்கள். ஞாயிறுதோறும் ஒரே பாயில் அமர்வர். ஆயர் தாமாகவே ஒரு முயற்சி செய்திருந்தார். காலாண்டு விடுமுறையில் காலனிப் பிள்ளைகள் இருவர் நகரிலும், நகர்ப் பிள்ளைகள் இருவர் காலனியிலும் மூன்று இரவுகள் தங்குவது என்று பெற்றோரிடம் பேசி இசைவு பெற்றிருந்தார். இரு வீடுகளுக்கும் இடையே நடந்தால் கால் மணி நேரம்.

நகர்ப் பையன்களில் ஒருவனை அவன் தாயார் முதல் இரவே வந்து அழைத்துச் சென்றுவிட்டார். உடம்பு சரியில்லை என்று காரணம் கூறப்பட்டது; அதனை மறுத்துப் பேச எவரும் விரும்பவில்லை. மற்ற மூவரும் தங்கினர். கேள்வி கேட்ட அம்முதிய தாயாரின் வீட்டில்தான் மற்றொரு நகர்ப் பையன் தங்கினான். எப்படி இருந்தது என்று அவரிடம் வினவினோம். "மூணு நாளும் கருவாட்டுக் கொழம்பே கேட்டான் ஐயா. அவங்க வூட்ல வைக்க மாட்டாங்களாம்" என்றார். அடுத்த விடுமுறைக்கு அவனை அனுப்புவார்களா என்று கேட்டதற்கு, அவன் தாயாரைக் கேட்கத் தமக்குத் தைரியம் வரவில்லை என்று ஆயர் சொன்னார்.